சவுனா மேல்பலகையில் மூன்று போல்ட்டுகள்

வடக்கு மிச்சிகன்
வெள்ளிக்கிழமை, நவம்பர் 7, 1958

அன்பு மகன் ரெய்னோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், இரண்டு வேளையாவது சூடாகச் சாப்பிட்டு, காய்ந்த காலுறை போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத உன் தங்கை ஐலா பேனாவைத் தாளில் வைத்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். உயிரோடு இருக்கிறோம், அதை மட்டும் எழுது என்றேன். என் வலது மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை, அதனால் போன கடிதம் போலவே இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகியும் அவள் எழுத்து குண்டு குண்டாக அழகாகத்தான் இருக்கிறது. இன்றைக்குக் கோணலாக இருந்தால் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே, புதன்கிழமையிலிருந்து இந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

முதல் வேலையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் அப்பா உனக்குச் செய்து கொடுத்த துப்பாக்கியை, அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சுடாதே. வருகிற பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மரம் வெட்டும் முகாம் ஆட்களோடு மானுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு போ. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. உன் ஹூகோ மாமாவுடைய துப்பாக்கி புதன்கிழமை காலையில் அவன் முகத்திலேயே வெடித்துவிட்டது. அப்பா செய்த துப்பாக்கி, ரெய்னோ. உன்னுடையதோடு ஒரே பெட்டியில் பழைய பட்டாளத் துப்பாக்கியாக வந்தது, ஒரே வாரத்தில் அறுத்து, இழைத்து, இரும்புக்கு நீலம் ஏற்றியது. இதை எழுதச் சொல்லும்போதுகூட எனக்கு நம்ப முடியவில்லை.

ஊர் ஆண்கள் எல்லோரும் மான் சீசன் தொடங்கும் பதினைந்தாம் தேதிக்கு முந்தின வாரம் சரளைக்கல் பள்ளத்தில் கூடிக் குறி சரிபார்ப்பது உனக்குத் தெரியும். ஹூகோ அந்தத் துப்பாக்கியை ஆகஸ்டிலிருந்து சுவரில் மாட்டி வைத்துத் தினமும் துடைத்தானே தவிர ஒரு தோட்டா போடவில்லை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம், தோட்டாவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் மாதிரி அடைக்கிற போல்ட்டை இழுத்து மூடிக் காட்டுவான். "பாரு, வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது. தோட்டா உள்ள இருக்கா இல்லையான்னே கைக்குத் தெரியல. எங்க மச்சான் கை அது" என்பான். புதன்கிழமை முதல் இரண்டு குண்டும் நன்றாகத்தான் போயிருக்கின்றன. மூன்றாவதுக்குச் சத்தமே வேறு மாதிரி இருந்ததாம், வெடியாக இல்லாமல் பலகை உடைகிற மாதிரி. தோட்டாவின் பின்பக்கம் பிய்ந்து, குழல் வழியாக முன்னால் போக வேண்டிய நெருப்பும் புகையும் பின்னால் வந்துவிட்டன. அப்பா இழைத்து இழைத்து வழவழப்பாக்கிய கட்டை, கை பிடிக்கிற இடத்தில் நீளவாக்கில் பிளந்துவிட்டது. ஹூகோ பனியில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் ரத்தம். அப்பா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தபோது அவன் கேட்டது என்ன தெரியுமா, "மச்சான், குறி அட்டையில பட்டுதா?" என்று.

மாமாவை மாவட்ட ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். கன்னத்திலிருந்து பித்தளைச் சில்லுகளை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை. வலது கண்ணில் மயிரிழை போல ஒரு பித்தளைத் துண்டு போயிருந்தது, எடுத்துவிட்டோம், பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால்தான் பார்வை இருக்கிறதா என்று தெரியும் என்கிறார் டாக்டர். இப்போதைக்கு இரண்டு கண்ணையும் கட்டியிருக்கிறார்கள். என் கூடப் பிறந்த தம்பி கையை நீட்டி என் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்துத்தான் அக்கா என்று தெரிந்துகொண்டான். "உனக்குக் கை, எனக்குக் கண்ணு. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆளு தேறும்" என்று சிரிக்கிறான்.

அப்பா அன்றைக்கு மத்தியானமே லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த மூன்று வருடத்தில் அவர் யார் யாருக்குப் பட்டாளத் துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக் கொடுத்தாரோ அத்தனை வீட்டுக்கும் போய், போல்ட்டை மட்டும் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, மாவு மூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பதினொரு வீடு. சிலர் பேசாமல் கொடுத்தார்கள். சிலர் விடவில்லை. "வில்யோ, இன்னும் பத்து நாள்ல சீசன். நான் என்ன, மானைக் கொம்பைப் பிடிச்சு மடக்கவா?" என்று ஒருவர் கத்தினாராம். இன்னொருவர், "நீ செஞ்சது மூணு வருஷமா சுடுது, ஒண்ணும் ஆகல. ஹூகோ குழலுக்குள்ள பனி போயிருக்கும், அந்த ஆளு துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டே தூங்கறவன்" என்று சமாதானம் சொன்னாராம். அப்பா எல்லோரிடமும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். பையைக் கொண்டுவந்து பட்டறை மேசையில் கவிழ்த்தார். அதன் முன்னால் உட்கார்ந்தவர் நேற்று முழுக்க எழுந்திருக்கவில்லை. காப்பி கொண்டுபோய் வைத்தேன், ஆறி ஏடு படிந்தது. ஏலக்காய் ரொட்டியைத் தொடவே இல்லை. நேற்று மாலை, "என் கண்ணு போயிடுச்சு ஹில்யா. தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல அளவு தப்பியிருக்கு, எனக்குத் தெரியல. இனிமே இந்தக் கையால ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்" என்றார். அரம், உளி, இடுக்கி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு ஆணி அடித்து வைத்திருக்கிறார். ஏரி உறைவதற்குள் நடுவில் கொண்டுபோய்ப் போடப்போகிறாராம்.

அவருக்குப் புரியாதது என்ன தெரியுமா. ஒவ்வொரு துப்பாக்கியையும் அவர் எப்படிச் சோதிப்பார் என்று நீயே பார்த்திருக்கிறாய். பழைய லாரி டயரில் கட்டி வைத்து, விறகு அடுக்குக்குப் பின்னால் போய் நின்று, கயிற்றை இழுத்துச் சுட்டு, விழுந்த வெற்றுத் தோட்டாவைப் பூதக்கண்ணாடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கோடு கீறல் இல்லை என்றால்தான் ஆள் கையில் கொடுப்பார். ஹூகோவுடையதை ஆறு தடவை சுட்டுப் பார்த்தார். உன்னுடையதும் ஆறு தடவை. தோட்டாவின் பின்னால் சிகரெட் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, எத்தனை தாளுக்குப் போல்ட் மூட மறுக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர். ஆகஸ்டில் சரியாக இருந்த அளவு சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிக்குள் எப்படித் தப்பும்? இரும்பு தானாக வளருமா, தேயுமா? இதைத்தான் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் உன்னுடையதையும் நம்ப மாட்டேன் என்கிறார். அதனால்தான் உனக்கும் எழுதச் சொன்னார்.

ரெய்னோ, மேலே உள்ளதை எழுதி முடித்ததும் ஐலாவின் பேனா நின்றுவிட்டது. நான் அடுத்து மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பால் குறைந்ததை, உருளைக்கிழங்கு பாதாள அறையில் இடம் போதாததை. திரும்பிப் பார்த்தால் அவள் எழுதவில்லை. என்னடி, மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், கடைக்காரர் பேர் கேட்டால்கூட என் முதுகுக்குப் பின்னால் போகிறவள். புதன்கிழமையிலிருந்து சாப்பாடும் சரியில்லை, மாமாவை நினைத்து அழுகிறாள் என்று விட்டுவிட்டேன். இப்போது மேசையைப் பார்த்தபடி, எனக்கே கேட்காத குரலில், "அம்மா, அன்னைக்கு சவுனாவுல மேல்பலகையைத் தேய்ச்சது நான்தான்" என்றாள். அதற்கென்ன, எந்தச் சனிக்கிழமையும் நாம் ஆவியில் குளிக்க உட்காரும் முன் நீதானே தேய்க்கிறாய் என்றேன். "அந்தச் சனிக்கிழமை போல்ட்டெல்லாம் அங்க இருந்துச்சும்மா. நான் எடுத்துட்டுத் திரும்ப வெச்சேன்" என்றாள்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியதும் அவளை முழுவதையும் சொல்ல வைத்தேன். அவள் கையாலேயே இதை எழுத வைக்கிறேன், அழுதுகொண்டேதான் எழுதுகிறாள், எழுதட்டும். நீ முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை அது. பெட்டியில் வந்தபோது துப்பாக்கிகளில் அப்பியிருந்த கெட்டி கிரீஸை உருக்க அப்பா அவற்றைச் சவுனாவில் தொங்கவிட்டது உனக்கு நினைவிருக்கும், நீதான் பழந்துணியால் வழித்தெடுத்தாய். சோதனையெல்லாம் முடிந்த பிறகு, கட்டைக்குப் பூசிய கடைசி எண்ணெய் காயட்டும் என்று அவர் மறுபடியும் மூன்றையும் அந்த வெதுவெதுப்பில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார். ஹூகோவுடையது ஒரு கோடி, நடுவில் அப்பாவுடையது, உன்னுடையது மறு கோடி. ஒவ்வொன்றின் போல்ட்டையும் கழற்றி அதனதன் காலடியில், மேல்பலகையில் வைத்திருந்தார். அன்றைக்கு நீயும் மாமாவும் சீக்கிரமே குளிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினீர்கள். ஓடிப்போய்ப் பலகையைத் தேய்த்துவிட்டு வா என்று இவளை விரட்டியது நான். இவள் மூன்று போல்ட்டையும் மடியில் அள்ளி வெளியறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருக்கிறாள். தேய்த்து முடித்ததும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, அதே வரிசையில்தான் திருப்பி வைத்திருக்கிறாள். ஆனால் எடுக்கும்போது கீழே நின்று சுவரைப் பார்த்திருந்தவள், வைக்கும்போது மேலே ஏறி வாசலைப் பார்த்து நின்றிருக்கிறாள். எடுக்கும்போது இடது கையில் இருந்த கோடி, வைக்கும்போது வலது கைக்குப் போய்விட்டது. நடுவில் இருந்தது மட்டும் நடுவிலேயே இருந்தது. மூன்றும் ஒரே மாதிரிதானே, கதவுத் தாழ்ப்பாள் மாதிரி எதை எங்கே போட்டாலும் பூட்டும் என்று நினைத்துவிட்டாளாம், ஒவ்வொன்றும் அதனதன் துப்பாக்கிக்கு மட்டுமே அளவு பொருந்தும் என்று தெரியவில்லை. நீங்கள் குளிக்கப் போகும் முன் அப்பா வந்து, வைத்த இடத்தில் இருக்கிறது என்று நம்பி எடுத்து மாட்டிவிட்டார்.

நான் இவளைக் கையைப் பிடித்துப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அடிப்பாரோ, கத்துவாரோ என்று எனக்கே பயம். இவள் சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டார். பிறகு எழுந்து, "வா, காட்டு" என்றார். சவுனாவுக்குள் போய் மூன்று விறகுக் கட்டைகளைக் கொடுத்து, எடுத்தது எப்படி, வைத்தது எப்படி, நின்றது எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பச் செய்து காட்டச் சொன்னார். ஒரு திட்டுகூட இல்லை. நான்காவது தடவை அவரே மேலே ஏறி வாசலைப் பார்த்து நின்று பார்த்தார். அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு போல்ட்டுலயும் அந்தந்தத் துப்பாக்கியோட நம்பர் வெட்டியிருந்துச்சு ஹில்யா. அதை உப்புத்தாளைப் போட்டுத் தேய்ச்சு அழிச்சது நான். பட்டாளத்து அடையாளம் ஒண்ணும் தெரியக் கூடாது, கண்ணாடி மாதிரி மின்னணும்னு அழிச்சேன். நம்பர் இருந்திருந்தா ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அப்புறம்தான் அவருக்கு உன் கடிதம் நினைவுக்கு வந்தது. வாசிக்கச் சொன்னார். ஐலா எடுத்துவந்து வாசித்தாள். போல்ட் மூடுவதற்கு மிகவும் இறுக்கமாக இருக்கிறது, உள்ளங்கையால் தட்டினால்தான் மூடுகிறது, இங்கே ரம்பங்களுக்குச் சாணை பிடிக்கிற ஆள் கொஞ்சம் தேய்த்துத் தருகிறேன் என்கிறார், தேய்க்கலாமா அப்பா என்று அக்டோபரில் நீ எழுதியிருந்தாய். அப்போது அவர் சிரித்துக்கொண்டு, "புது பூட்ஸ் அப்படித்தான் கடிக்கும், பழகினா சரியாயிடும்னு எழுது" என்றார். நானும் அதைத்தான் எழுத வைத்தேன். தேய்க்காதே என்று நாங்கள் எழுதவில்லை, ரெய்னோ. ஒரு வார்த்தை எழுதவில்லை. மாமாவின் போல்ட் உன்னிடம் இருக்கிறது, அதனால்தான் உனக்கு இறுக்கம். உன்னுடையது மாமாவிடம் இருந்தது, அதனால்தான் அவனுக்கு அந்த வெண்ணெய் மாதிரி வழுக்கல். ஒருவன் பெருமைப்பட்டான், ஒருவன் குறைப்பட்டான், இரண்டும் ஒரே தப்பைத்தான் சொல்லியிருக்கிறது, இந்த வீட்டில் யாருக்கும் காதில் ஏறவில்லை.

அப்பா சொல்கிறார், இறுக்கமாக இருக்கும்வரை ஆபத்து குறைவாம். அந்த ஆள் தேய்த்துவிட்டிருந்தால்தான் பயமாம். எவ்வளவு தேய்த்தான், எந்தப் பக்கம் தேய்த்தான் என்று யாருக்குத் தெரியும். கைக்கு லகுவாகப் போகிறது, சரியாகிவிட்டது என்று நீ நினைப்பாய், மாமாவும் அப்படித்தான் நினைத்தான். "தேய்ச்சிருந்தா அது இன்னொரு ஹூகோ" என்று சொல்லிவிட்டு மேல்கோட்டுகூடப் போடாமல் லாரியில் ஏறி ரயில் நிலையத்துக்குப் போனார். சுடாதே, தேய்க்காதே, போல்ட்டைக் கழற்றி வை, அப்பா என்று தந்தி கொடுத்துவிட்டு வந்தார். அங்கே தந்தி எழுதுகிறவர், "என்ன வில்யோ, பையன் என்னத்தைத் தேய்க்கிறான்?" என்று கேட்டாராம். சொன்னதும் அந்த ஆள் வேறு மூன்று பேரை நிறுத்திவிட்டு இதை முதலில் அனுப்பினாராம். ஆனால் தந்தி உங்கள் பக்கத்து ஊர்க் கடை வரைக்கும்தான் வருமாம். முகாம் வண்டி சனிக்கிழமைதான் சாமான் வாங்க இறங்கும், அதுவும் மலைப் பாதை திறந்திருந்தால். அதனால்தான் இந்தக் கடிதத்தையும் நிறுத்தாமல் எழுதுகிறோம். எது முந்துகிறதோ அது முந்தட்டும்.

சனிக்கிழமை. நேற்று இருட்டிவிட்டதால் நிறுத்தி, இன்று தொடர்கிறேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமாவிடம் நான் சொல்கிறேன் என்றேன், அப்பா வேண்டாம் என்றார். நான் சொல்கிறேன் என்றார் அவர், அதற்கும் ஐலா வேண்டாம் என்று தலையை ஆட்டி, தானே சொல்வதாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பெரிய வார்டில் பதினாறு கட்டில், எல்லோரும் பார்க்கிறார்கள், இவள் போய்க் கட்டிலை ஒட்டி நின்று, "மாமா, நான் ஐலா" என்று தொடங்கி முழுவதையும் சொன்னாள். நடுவில் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. நான் இவள் இவ்வளவு பேசிக் கேட்டதே இல்லை. கண்ணைக் கட்டியிருந்ததால் பேச முடிந்ததோ என்னவோ, அவன் பார்த்திருந்தால் வாயே வந்திருக்காது. ஹூகோ கையை நீட்டித் துழாவினான், இவள் கையைக் கொடுத்தாள். "அடி கழுதை, மூணு நாளா இதை வயித்துல வெச்சுக்கிட்டா இருந்தே? வலிச்சிருக்குமே" என்றான். அப்புறம் தலையைத் திருப்பி, "மச்சான் இருக்கீங்களா? கேட்டீங்களா? உங்க கையில கோளாறு இல்ல. போய் அந்தப் பதினொரு பேர் போல்ட்டையும் திருப்பிக் குடுங்க, இல்லேன்னா பதினஞ்சாந்தேதி மானுக்குப் பதிலா உங்களைத்தான் துரத்துவாங்க" என்றான். கட்டுக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது. அழக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் ஓடிவந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டாள். அந்தக் கண் என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது. ஜெபத்தில் அவனை மறக்காதே.

வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். விரட்டியது நான், மாற்றி வைத்தது இவள், நம்பரை அழித்தது அவர். யார் தப்பு என்று பங்கு போட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் மனது ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா பெட்டியின் ஆணியைப் பிடுங்கிக் கருவிகளை வெளியே எடுத்தார். பெருமைக்காக இல்லை. பதினொரு வீட்டுக்கும் போய் ஒவ்வொரு துப்பாக்கியையும் மறுபடி டயரில் கட்டிச் சுட்டுப் பார்த்து, அந்தந்த இடத்திலேயே போல்ட்டில் எண் வெட்டிக் கொடுத்துவிட்டு வரப்போகிறார். இனி ஒரு அடையாளத்தையும் அழிக்க மாட்டேன், அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும் என்கிறார். அவர் உன்னிடம் சொல்லச் சொன்னது இது. படித்த உடனே துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்று. உள்ளே தோட்டா இல்லை என்று முதலில் பார். தேய்த்திருந்தாலும் தேய்க்காவிட்டாலும் போல்ட்டை மட்டும் துணியில் சுற்றி அஞ்சலில் அனுப்பு. துப்பாக்கியை அங்கேயே வை, யாருக்கும் கொடுக்காதே, வேறு போல்ட் வாங்கி மாட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதே. சாணைக்காரர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார், அவர் மேல் கோபப்படாதே.

இப்போது மணி ஒன்று. இதுவரை உன்னிடமிருந்து பதில் தந்தி இல்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அப்பா பட்டறைக் கதவைத் திறந்து பார்க்கிறார். மூன்று மணி ரயிலுக்கு இந்தக் கடிதம் போக வேண்டும், ஐலா கோட்டை மாட்டிக்கொண்டே எழுதுகிறாள், அவளே நடந்து போய்ப் போட்டுவிட்டு வருகிறாளாம். தபால்காரரிடம் கொடு என்றேன், மாட்டேன் என்கிறாள். அவளை நீ திட்டாதே. திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு, நேரில் வந்து திட்டு. குளிரில் காதை மூடிக்கொள், காப்பியை மட்டும் குடித்துவிட்டு மரம் வெட்டப் போகாதே. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாராக, உன் விரல் ஒன்றுக்கும், உன் கண் இமை ஒன்றுக்கும் கேடு வராமல் இருப்பதாக.

ரெய்னோ, தந்தி கொடுத்தாலும் எனக்கு அது போதாது. தந்தியை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், உன் கண்ணைக் கட்டியிருந்தாலும் முகாமில் எவனாவது இரக்கப்பட்டு நீ சொல்லச் சொல்ல எழுதலாம், இப்போது இவள் எனக்கு எழுதுவது போல. நீயே உன் கையால், கோடு போட்ட தாளில், ஒரே ஒரு வரி எழுது. எழுத்து கோட்டின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். அது வரும்வரை நான் உறங்க மாட்டேன்.

உன் வரிக்காகக் காத்திருக்கும் அம்மா,
ஹில்யா

எழுதியது: ஐலா